கோட் ப்ளூ நேரத்தில் குறிப்பெழுதுவது எப்படி

நோயாளியின் இதயம் நின்றதும் மருத்துவமனையில் விடுக்கும் அவசர அழைப்புதான் கோட் ப்ளூ. அப்படி இதயம் நின்றுபோன ஒருவரின் கட்டிலைச் சுற்றி நெஞ்சை அழுத்துபவர், மூச்சு ஊதும் ஆம்பு பையைப் பிடிப்பவர், மருந்தை ஏற்றுபவர், மின் அதிர்ச்சி (ஷாக்) கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரைக் கையாள்பவர், எல்லோரையும் வழிநடத்தும் மருத்துவர் என்று ஆளுக்கொரு வேலை இருக்கும். இவர்களோடு கட்டிலின் கால்மாட்டில் இன்னொருவர் நின்றாக வேண்டும். அவருடைய கையில் அட்டையும் பேனாவும் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. தமிழக–கேரள எல்லையில் உள்ள களியக்காவிளையை ஒட்டிய பகுதியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஸ்டாஃப் நர்ஸாகப் பணியாற்றிவரும் நான், அந்த ஆறாவது ஆளுக்காகவே இதை எழுதுகிறேன். எங்கள் பக்கத்துச் சிறிய, நடுத்தர மருத்துவமனைகளில் அந்த இடம் பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது.

பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஓர் இரவு நேரப் பணியின்போது, ரப்பர் வெட்டும் தொழிலாளி ஒருவருக்கு வார்டிலேயே இதயம் நின்றது. நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். இதயத்தைத் தூண்டும் அட்ரினலின் மருந்தைக் கொடுத்த நேரங்களை நான் இடது உள்ளங்கையில் எழுதிக்கொண்டே வந்தேன். நாடி திரும்பியது, அவரைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்ப ஆம்புலன்ஸும் வந்தது. ஏற்றிவிடும் அவசரத்தில் கையைக் கழுவிவிட்டேன். ரெஃபரல் கடிதத்தில் ‘அட்ரினலின் பலமுறை கொடுக்கப்பட்டது’ என்று எழுத வேண்டியதாயிற்று. எத்தனை டோஸ், மொத்தம் எத்தனை நிமிடம் அழுத்தினீர்கள், முதலில் பார்த்த ரிதம் (மானிட்டரில் தெரியும் இதய மின்னலை வடிவம்) என்ன என்று அங்கிருந்த மருத்துவர் தொலைபேசியில் கேட்ட மூன்று கேள்விகளில் ஒன்றுக்குக்கூட என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அவர் கோபப்படவில்லை. ‘சரி சிஸ்டர்’ என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அன்றிலிருந்து நான் கையில் எழுதுவதில்லை. எவரையும் எழுத விடுவதும் இல்லை.

உயிரைக் காப்பாற்றும் நேரத்தில் தாளும் பேனாவும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2008-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 369 மருத்துவமனைகளின் பதிவுகளை வைத்து வெளியான ஆய்வொன்று, ஷாக் கொடுத்தால் சீராகக்கூடிய ரிதத்தோடு மருத்துவமனைக்குள்ளேயே இதயம் நின்ற 6,789 பேரை எடுத்துக்கொண்டது. இரண்டு நிமிடங்களுக்குள் முதல் ஷாக் கிடைத்தவர்களில் 39 சதவீதத்துக்குச் சற்று அதிகமானோர் உயிரோடு வீடு திரும்பினார்கள். அதற்கு மேல் தாமதமானவர்களில் 22 சதவீதத்தினரே திரும்பினார்கள். இந்த வேறுபாட்டை உலகத்துக்குக் காட்டியவர்கள், அந்த மருத்துவமனைகளில் கட்டிலோரம் நின்று நிமிடத்தை எழுதியவர்கள்தாம். அவர்கள் எழுதியிருக்காவிட்டால் தாமதம் கொல்கிறது என்பது நமக்கு ஊகமாகவே இருந்திருக்கும்.

எதை எழுதுவது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு சொல்லால் எழுதப்பட்ட பதிவுகளை ஒப்பிட முடியாமல் தவித்த மருத்துவர்கள், 1990-இல் நார்வேயில் உட்ஸ்டைன் என்னும் பழைய மடாலயத்தில் கூடிப் பேசி, பொதுவான ஒரு படிவ முறையை உருவாக்கினார்கள். அது 1991-இல் வெளிவந்தது. மருத்துவமனைக்குள் நிகழும் இதய நிறுத்தத்துக்கென்று தனிப் படிவ முறை 1997-இல் வந்தது. இன்று எந்த மருத்துவமனையின் கோட் ப்ளூ படிவத்தை எடுத்துப் பார்த்தாலும் அதன் எலும்புக்கூடு உட்ஸ்டைன் முறையாகத்தான் இருக்கும். உங்கள் மருத்துவமனையில் அச்சிட்ட படிவம் இல்லையென்றால் கவலைப்பட வேண்டாம். ஒரு முழுத்தாளில் நேரம், ரிதம், செய்தது, மருந்தும் அளவும், நாடி என்று ஐந்து பத்திகள் போட்டு, நகலெடுத்து, அவசர மருந்து வண்டியான கிராஷ் கார்ட்டின் மேல்தட்டில் அட்டையோடு கட்டி வைத்தால் போதும்.

எழுதுபவரும் கடிகாரமும்

எழுதும் பொறுப்பை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் முதல் தவறு நடக்கிறது. வேறு வேலை தெரியாத புதியவரிடம் அட்டையைக் கொடுத்துவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எழுதுபவருக்கு மானிட்டரில் ஓடும் ரிதத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், மருந்தின் பெயரைச் சொன்னதும் அளவு சரியா என்று மனதில் ஒத்துப்பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும், மூத்த மருத்துவரிடமும் ‘நேரம் ஆகிவிட்டது’ என்று குரல் உயர்த்திச் சொல்லும் துணிவு வேண்டும். ஆள் குறைவான இரவுகளில் இது முடியாது என்பதை அறிவேன். மூன்று பேரே இருந்தால், மூன்றாமவர் மருந்தையும் கொடுத்து ஒவ்வொரு முறையும் ஒரே வரியில் நேரத்தையும் மருந்தையும் மட்டும் எழுதட்டும். நான்காவது ஆள் வந்த நொடியில் அட்டை கைமாற வேண்டும். கைமாறிய நேரத்தையும், யாரிடமிருந்து யாருக்கு என்பதையும் எழுத வேண்டும்.

நிற்கும் இடம் முக்கியம். மானிட்டரும் கடிகாரமும் குழுத்தலைவரின் முகமும் ஒரே பார்வையில் தெரியும் இடத்தில், பெரும்பாலும் கட்டிலின் கால்மாட்டில், நிற்க வேண்டும். யாராவது ‘அந்தக் கையுறையை எடுங்கள்’ என்று கேட்டால், எழுதுபவர் எடுக்கக் கூடாது. வேறொருவரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும்.

கடிகாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நல்ல பதிவுகள் பலவும் இங்கேதான் கெட்டுப்போகின்றன. ஒரு வார்டில் சுவர்க் கடிகாரம் ஒரு நேரம் காட்டும், மானிட்டர் வேறொன்று காட்டும், டிஃபிப்ரிலேட்டர் இன்னொன்று காட்டும், கைக்கடிகாரங்கள் ஆளுக்கொன்று காட்டும். நிகழ்வு தொடங்கியதும் எழுதுபவர் ஒரே கடிகாரத்தைத் தேர்ந்து, அது எது என்பதைத் தாளின் தலைப்பில் எழுதிவிட்டு, இறுதிவரை அதையே பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் டிஃபிப்ரிலேட்டர் திரையில் உள்ள நேரத்தையும் சுவர்க் கடிகாரத்தின் நேரத்தையும் ஒருசேரப் பார்த்து, ‘டிஃபிப் கடிகாரம் 4 நிமிடம் முந்துகிறது’ என்பது போல ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லையென்றால், பின்னாளில் அதன் நினைவகத்திலிருந்து எடுக்கும் அச்சுத்தாளும் உங்கள் கையெழுத்தும் ஒன்றையொன்று பொய்யாக்கும். வாரம் ஒருமுறை, ஒரே ஆள், கைபேசியில் தானாகச் சீராகும் நேரத்தை வைத்து வார்டின் எல்லாக் கடிகாரங்களையும் சரிசெய்வது நல்லது. நேரத்தை 24 மணி முறையில் எழுதுங்கள். இரவு 12.10 என்று எழுதினால் அது எந்த நாளைச் சேர்ந்தது என்ற ஐயம் எழும், 00.10 என்று எழுதி, அருகில் புதிய தேதியையும் போட்டுவிட்டால் ஐயமில்லை.

ஓடும் நிமிடங்களை எழுதுதல்

தாளின் மேற்பகுதியை நிரப்புவதில் முதல் நிமிடத்தை வீணாக்க வேண்டாம். வயது, உள்நோயாளி (ஐ.பி.) எண், முகவரி எல்லாம் பிறகு நிரப்பலாம். முதலில் எழுத வேண்டியவை நான்கு: அசைவற்றுக் கிடந்ததைக் கண்ட நேரம், உதவிக்கு அழைத்த நேரம், நெஞ்சழுத்தம் தொடங்கிய நேரம், அவர் விழுந்ததை நேரில் பார்த்தவர் உண்டா என்பது. கடைசியாகச் சொன்னது பலரும் விட்டுவிடும் விவரம். பார்த்தவர் இருந்தால் மூளைக்கு இரத்தம் போகாமல் இருந்த நேரம் எவ்வளவு என்று கணிக்க முடியும். இல்லையென்றால் ‘கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரம்’ என்று எழுதுவதே நேர்மையான வழி. நீங்கள் வந்து சேர்வதற்கு முன்பே அழுத்தம் தொடங்கியிருந்தால், தொடங்கியவரிடம் நேரம் கேட்டு, ‘அவர் சொன்னபடி’ என்ற குறிப்போடு எழுதுங்கள்.

ஒரு பதிவு எப்படி இருக்க வேண்டும் என்பதைக் காட்ட, கற்பனையான ஓர் எடுத்துக்காட்டு (வி.எஃப். என்பது இதயம் துடிக்காமல் நடுங்கும் ரிதம்; 30:2 என்பது 30 அழுத்தத்துக்கு 2 ஊதல்; அமியோடரோன் ரிதத்தைச் சீராக்கும் மருந்து):

02.14 – அழைத்தும் பதில் இல்லை, மூச்சு இல்லை, கழுத்து நாடி இல்லை. நெஞ்சழுத்தம் தொடக்கம். கோட் ப்ளூ அழைப்பு. விழுந்ததைப் பக்கத்துக் கட்டில்காரர் பார்த்தார்.
02.15 – ஆம்பு பை, ஆக்ஸிஜனோடு, 30:2.
02.17 – டிஃபிப் பக்கத்து வார்டிலிருந்து வந்தது. ரிதம்: வி.எஃப். முதல் ஷாக் 200 ஜூல். உடனே அழுத்தம் தொடர்ந்தது.
02.19 – ரிதம்: வி.எஃப். இரண்டாம் ஷாக் 200 ஜூல். அழுத்துபவர் மாறினார்.
02.20 – அட்ரினலின் 1 மி.கி., வலக்கை நரம்பில், முதல் டோஸ். 20 மி.லி. சலைன் பின்தொடர்ந்தது.
02.21 – ரிதம்: வி.எஃப். மூன்றாம் ஷாக் 200 ஜூல். அழுத்துபவர் மாறினார்.
02.22 – அமியோடரோன் 300 மி.கி., அதே நரம்பில்.
02.23 – ஒழுங்கான ரிதம். கழுத்து நாடி உண்டு. இரத்த அழுத்தம் 90/60. அழுத்தம் நிறுத்தம்.

ஒவ்வொரு வரியிலும் என்ன செய்யப்பட்டது என்பது இருக்கிறதே தவிர, ஏன் என்பதோ யார் மீது குறை என்பதோ இல்லை. டிஃபிப் வர மூன்று நிமிடம் ஆனது. அதை எழுதுபவர் மறைக்கவும் இல்லை, ‘வார்டில் டிஃபிப் வைக்காததால் தாமதம்’ என்று தீர்ப்பும் எழுதவில்லை. எங்கிருந்து எப்போது வந்தது என்பதை மட்டும் சொன்னார். மறுநாள் அந்த வரியைப் படிக்கும் நிர்வாகி, அந்தத் தளத்துக்கு இன்னொரு கருவி வேண்டும் என்பதை எவரும் எடுத்துச் சொல்லாமலே புரிந்துகொள்வார்.

ரிதத்தை எழுதும்போது ஷாக் கொடுக்கத்தக்கது, தகாதது என்று மட்டும் எழுதிவிட்டு நகர வேண்டாம். வி.எஃப்., நாடியில்லாத வி.டி. (மிக வேகமான ரிதம்), அசிஸ்டோல் (வெறும் நேர்க்கோடு), பி.இ.ஏ. (ரிதம் தெரிந்தும் நாடி இல்லாத நிலை) என்று பெயரைத் தெளிவாக எழுதுங்கள். ஒவ்வொரு முறை பார்த்த ரிதத்தையும், அப்போது நாடி இருந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மருந்தென்றால் பெயர், அளவு, வழி, எத்தனையாவது டோஸ் ஆகிய நான்கும் வேண்டும். நம் நாட்டில் அட்ரினலின் ஆம்பூல் 1 மி.லி.-க்குள் 1 மி.கி. கொண்டது என்பதால் ‘ஒரு ஆம்பூல்’ என்று எழுதும் பழக்கம் பெரியவர்கள் விஷயத்தில் தப்பித்துக்கொள்கிறது. குழந்தைகள் விஷயத்தில் அது ஆபத்து. குழந்தைக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 0.01 மி.கி. என்பதால், கணக்கிட்ட எடையையும் கொடுத்த மி.கி. அளவையும் நீர்த்த விகிதத்தையும் எழுதியே ஆக வேண்டும். செயற்கைச் சுவாசக் குழாய் போட்டால் குழாயின் அளவு, உதட்டருகில் நிற்கும் செ.மீ. குறி, எத்தனையாவது முயற்சியில் உள்ளே போனது, இரண்டு பக்க நுரையீரலிலும் காற்று கேட்டதா, வெளிமூச்சில் உள்ள கார்பன் டை ஆக்ஸைடைக் காட்டும் இ.டி.சி.ஓ.2 எண் என்ன என்பவை வேண்டும்.

எழுதுபவரே அந்த அறையின் கடிகாரமாகவும் இருக்கிறார். இரண்டு நிமிடம் முடியப் பத்து விநாடி இருக்கும்போதே ‘ரிதம் பார்க்கும் நேரம் வருகிறது, அழுத்துபவர் மாறத் தயாராகுங்கள்’ என்று சொல்ல வேண்டும். அட்ரினலின் கொடுத்து மூன்று நிமிடம் கடந்ததும் ‘கடைசி அட்ரினலின் 3 நிமிடத்துக்கு முன்’ என்று தலைவருக்கு நினைவூட்ட வேண்டும். 3 முதல் 5 நிமிட இடைவெளியில் அடுத்தது கொடுக்கப்படும். அழுத்தம் நின்ற நேரத்தை ‘ஐந்து, ஆறு, ஏழு’ என்று உரக்க எண்ண வேண்டும். அது பத்து விநாடியைத் தாண்டக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாராவது உரக்க எண்ணாத வரையில், அது தாண்டுவதை எவரும் உணர்வதில்லை. ஷாக் தேவைப்படாத ரிதமாக இருந்தால் முதல் அட்ரினலின் ஐந்து நிமிடத்துக்குள் போனதா என்பதையும் அவரே கவனிக்க வேண்டும்.

இரண்டு மொழிகள் பேசும் அறையில்

எங்கள் பகுதியின் தனிச் சிக்கல் இது. ஒரே அறையில் பாறசாலையிலிருந்து வரும் சேச்சி மலையாளத்தில் பேசுவார், மதுரையிலிருந்து புதிதாக வந்த இன்டர்ன் தமிழில் பேசுவார், மருத்துவர் இரண்டையும் ஆங்கிலத்தையும் கலந்து பேசுவார். அன்றாடப் பேச்சில் இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. பிறந்ததிலிருந்து இரண்டையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் கோட் ப்ளூ நேரத்தில் ஒரு சொல்லின் கடைசி எழுத்துதான் பொருளைத் தீர்மானிக்கிறது. மலையாளத்தில் ‘கொடுத்து’ என்றால் கொடுத்தாயிற்று என்று முடிந்த வினை. அதே ஒலி தமிழ்க் காதில் ‘கொடுத்துவிட்டு’ என்னும் முடியாத வினையாக விழுகிறது. அடுத்து என்ன என்று காத்திருப்பார் தமிழர். அட்ரினலின் ‘கொடுத்து’ என்று சேச்சி சொன்னதைக் கேட்டு, இனிமேல்தான் கொடுக்கப்போகிறார் என்றெண்ணி எழுதாமல் நின்ற புதிய நர்ஸை நானே பார்த்திருக்கிறேன். அழுத்தத்தை ‘நிர்த்தி’ என்று அவர்கள் சொன்னால் நிறுத்தியாயிற்று என்று பொருள். தமிழருக்கு அது ‘நிறுத்திவிட்டு’ என்ற தொடக்கமாகவே கேட்கும்.

இதற்கு நாங்கள் கண்ட வழி எளியது. மருந்துக்கும் ஷாக்குக்கும் மட்டும் எல்லோரும் ஒரே ஒரு வாய்பாட்டைப் பயன்படுத்துகிறோம்: மருந்து, அளவு, வழி, ‘கிவன்’. எழுதுபவர் அதையே திருப்பிச் சொல்லி நேரத்தையும் சேர்க்கிறார்: ‘அட்ரினலின், ஒரு மி.கி., ஐ.வி., கிவன், 02.20.’ கொடுத்தவர் தலையசைத்த பிறகே தாளில் ஏறும். தலைவர் ‘கொடுங்கள்’ என்று சொன்னதை வைத்து எழுதக் கூடாது. சொன்ன எல்லாம் கொடுக்கப்படுவதில்லை. எண்களில் 15-க்கும் 50-க்கும் ஆங்கில உச்சரிப்பு இரைச்சலில் ஒன்றாகக் கேட்கும் என்பதால் ‘ஒன் ஃபைவ்’, ‘ஃபைவ் ஜீரோ’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லப் பழக்கியிருக்கிறோம். மாதம் ஒருமுறை பொம்மையை வைத்துச் செய்யும் ஒத்திகையில் எழுதுபவருக்கும் பயிற்சி உண்டு. பெரும்பாலான இடங்களில் ஒத்திகை என்றால் அழுத்துவதற்கு மட்டும்தான் நடக்கிறது.

சில சிறப்பு நிலைகள்

தேங்காய்ப்பட்டணம், கொல்லங்கோடு கடற்கரையிலிருந்து நீரில் மூழ்கியவர்களைக் கொண்டுவருவார்கள். அவர்களுக்கு எவ்வளவு நேரம் நீருக்குள் இருந்தார், எப்போது வெளியே எடுத்தார்கள், கரையிலேயே யாராவது வாயோடு வாய் வைத்து ஊதினார்களா என்பவற்றைத் தூக்கி வந்தவர்களிடம் உடனே கேட்டு எழுதுங்கள். அவர்கள் சற்று நேரத்தில் கூட்டத்தில் கலைந்துவிடுவார்கள். பாம்புக் கடியென்றால் விஷமுறிவு மருந்து எத்தனை வயல், எப்போது தொடங்கியது என்பது தனி வரியில் வேண்டும். இரும்புத் தோட்டியால் தேங்காய் பறிக்கும்போது மின்கம்பி தொட்டவர் என்றால், மின்சாரம் துண்டிக்கப்பட்ட நேரத்தையும் மரத்திலிருந்து விழுந்தாரா என்பதையும் எழுதுங்கள்.

இருபது வாரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிக்கு இதயம் நின்றால் நிமிடங்களின் பொருளே மாறிவிடுகிறது. வயிற்றை இடப்புறம் தள்ளிப் பிடித்த நேரம், மகப்பேறு மருத்துவரை அழைத்த நேரம், நாடி திரும்பாததால் குழந்தையை வெளியே எடுக்க முடிவெடுத்த நேரம், குழந்தை வெளிவந்த நேரம் என நான்கும் வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் குழந்தையை எடுப்பதே இலக்கு. பிறந்த குழந்தைக்கென்று இன்னொரு தாளும் இன்னொரு ஆளும் தேவை. அங்கே நேரம் பிறப்பிலிருந்து எண்ணப்படுகிறது. பிறந்த குழந்தையின் நிலையைக் காட்டும் அப்கார் மதிப்பெண் 1-ஆம், 5-ஆம் நிமிடங்களில் எழுதப்படும். ஐந்தாம் நிமிடத்தில் 7-க்குக் கீழ் இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 20-ஆம் நிமிடம் வரை தொடரும். இரண்டு உயிர்களின் குறிப்பையும் ஒரே தாளில் எழுதினால் இரண்டும் குழம்பும்.

உயிர்மீட்பு முயற்சி வேண்டாம் என்று முன்பே முடிவு செய்யப்பட்ட நோயாளிகளின் விஷயத்தில், அந்த முடிவு நேரத்தோடும் கையொப்பத்தோடும் கேஸ் ஷீட்டில் முன்னதாகவே இருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் இதற்கென வழிகாட்டுதல் வெளியிட்டுள்ளது. வாய்மொழியாக ‘டாக்டர் வேண்டாமென்று சொன்னார்’ என்பதை வைத்து எந்த நர்ஸும் நின்றுவிட வேண்டாம்.

முடிந்த பிறகு

நாடி திரும்பியதும் எழுதுவது முடிவதில்லை. திரும்பிய நேரத்திலிருந்து 20 நிமிடம் நாடி நிலைத்தால்தான் அதை நிலைத்த மீட்பு என்று கணக்கிடுகிறோம். அதற்குள் மீண்டும் நின்றால் அதே தாளில் தொடர வேண்டும்.

காலி ஆம்பூல்களை உடனே குப்பையில் போட விடாதீர்கள். ஒரு கிட்னி டிரேயில் எல்லாவற்றையும் போட்டுவைத்து, நிகழ்வு முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். ஐந்து அட்ரினலின் ஆம்பூல் டிரேயில் இருந்து தாளில் நான்கு மட்டும் இருந்தால், எல்லோரும் அறையில் இருக்கும்போதே கேட்டுத் தெளிவுபடுத்திவிடலாம். மறந்துபோன ஒன்றைச் சேர்க்கும்போது நடுவில் நுழைத்து எழுதக் கூடாது. கீழே புதிய வரியில் ‘தாமதப் பதிவு’ என்று தொடங்கி, நிகழ்ந்த நேரம், இப்போது எழுதும் நேரம், யாரிடம் கேட்டு அறிந்தது என்பவற்றைக் குறிப்பிட வேண்டும். பிழையானதை ஒற்றைக் கோட்டால் அடித்து, அடித்த சொல்லும் படிக்கத் தெரியும்படி விட்டு, அருகில் சுருக்கக் கையொப்பமும் நேரமும் போடுங்கள். வெள்ளை மையைத் தொடவே தொடாதீர்கள். அழகாக இல்லையென்று புதிதாகப் பெயர்த்தெழுதினாலும் பழைய தாளைக் கிழிக்காமல் இணைத்தே வைக்க வேண்டும். இரத்தக் கறையும் அவசரக் கையெழுத்தும் உள்ள அந்தத் தாளுக்கே மதிப்பு அதிகம்.

ஈ.சி.ஜி. தாளும் டிஃபிப் அச்சுத்தாளும் வெப்பத்தாள்கள். நாளடைவில் வெளுத்து வெறுந்தாளாகிவிடும். அன்றே நகலெடுத்து, நோயாளியின் பெயரும் நேரமும் எழுதி இரண்டையும் சேர்த்து வையுங்கள். அறையில் இருந்த அனைவரின் பெயரையும் பொறுப்பையும் எழுதி, எழுதியவரும் தலைவரும் கையொப்பமிட வேண்டும். தாளைக் கைபேசியில் படமெடுத்து வார்டின் வாட்ஸாப் குழுவில் போடுவது, எவ்வளவு நல்ல எண்ணத்தோடு செய்தாலும், நோயாளியின் அந்தரங்கத்தை மீறுவதாகும். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைகளின்படி உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டும். நோயாளியோ உரிமையுள்ளவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் கொடுக்க வேண்டும். போலீஸ் வழக்கு சார்ந்தவற்றை வழக்கு முடியும்வரை வைத்திருப்பதே பாதுகாப்பு.

எல்லைக்கு அப்பால் அனுப்பும் நோயாளியோடு தாளின் நகலும் போக வேண்டும். ஆம்புலன்ஸ் புறப்படும் முன்னரே அதன் சுருக்கத்தைத் தொலைபேசியில் சொல்லிவிடுவது அதைவிட நல்லது. பெயரை எழுதும்போது கவனம் தேவை. நம் பக்கம் தந்தையின் பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும். கேரளப் பக்கம் வீட்டுப் பெயர் சேரும். ஒரே ஆள் இரண்டு மருத்துவமனையில் இரண்டு பெயரோடு இருந்தால் அறிக்கைகள் சேராமல் போகும். அடையாள அட்டையில் உள்ளபடி அப்படியே எழுதி, வயதையும் ஊரையும் சேர்த்துவிடுங்கள். விபத்தில் வந்தவரென்றால் விபத்து நடந்த இடத்தை ‘களியக்காவிளை அருகே’ என்று பொதுவாக எழுதாமல், எல்லைக்கு இப்புறமா அப்புறமா என்று தெரியும்படி எழுத வேண்டும். எந்தக் காவல் நிலையத்துக்குத் தகவல் போக வேண்டும் என்பது அதைப் பொறுத்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் தமிழக எல்லைக்குள் விபத்தில் சிக்கும் எந்த மாநிலத்தவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவுவதால், இடமும் நேரமும் அந்தக் குடும்பத்தின் கடன்சுமையையே மாற்றக்கூடியவை.

முயற்சி பலிக்காதபோது, நிறுத்துவதென்று முடிவெடுத்த நேரம், முடிவெடுத்த மருத்துவர், அப்போதைய ரிதம், கண்மணியின் நிலை, இறப்பை அறிவித்த நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். உறவினரிடம் யார், எந்த மொழியில், எத்தனை மணிக்குச் சொன்னார் என்பதும் பதிவில் இருக்கட்டும். பின்னர் மருத்துவர் நிரப்பும் இறப்புக் காரணச் சான்றிதழான படிவம் 4-இல் ‘இதயம் நின்றது’ என்பதைக் காரணமாக எழுதினால் ஏற்கமாட்டார்கள். இதயத்தை நிறுத்திய நோயைத்தான் எழுத வேண்டும். உங்கள் தாளில் உள்ள முதல் ரிதமும் நிகழ்வுகளும் அதற்கு அவருக்கு உதவும். இந்த நேரத்தை வேறொரு காரணத்துக்காகவும் மக்கள் கேட்பார்கள். ஆண்டுதோறும் திதி கொடுக்க வேண்டிய வீட்டில், திதி மாறும் வேளையில் நிகழ்ந்த இறப்புக்குப் பத்து நிமிடம் முன்பின்னாக எழுதினால், மகன் காலமெல்லாம் தவறான நாளில் எள்ளும் தண்ணீரும் இறைப்பான். வார்டு வாசலில் நின்று ‘சிஸ்டர், சரியா எத்தனை மணிக்கு?’ என்று கேட்ட ஒரு மூத்த மகனுக்கு, தாளைப் பார்த்து ‘இரவு 3.42’ என்று சொல்ல முடிந்தபோது, அவர் அந்த எண்ணைத் தன் கைபேசியில் பதிந்துகொண்டு கைகூப்பினார்.

நிரப்பிய தாளைக் கேஸ் ஷீட்டில் வைத்த கையோடு, கிராஷ் கார்ட்டின் மேல்தட்டில் புதிய வெற்றுப் படிவம் ஒன்றையும், எழுதிப் பார்த்த இரண்டு பேனாக்களையும் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு கை கழுவச் செல்லுங்கள்.